மழையில் நேரப் போட்டி: வேகத்திற்கும் எலும்புக்கும் இடையே ஒரு கணக்கு

2024 ஜூலை 26ஆம் தேதி இரவு, பாரிஸ் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவை செய்ன் நதியோரம் மழை நனைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாளும் வானம் தெளியவில்லை. அன்று பிற்பகல் அதே ஈரச் சாலைகளில் 32.4 கிலோமீட்டர் சைக்கிளோட்ட நேரப் போட்டி நடந்தது. முதலில் மகளிர், பின்னர் ஆடவர்.

உலக வெற்றியாளராகப் பாரிசுக்கு வந்திருந்த அமெரிக்காவின் குளோயி டைகர்ட் ஒரு வளைவில் வழுக்கி விழுந்தார். எழுந்து மீண்டும் ஓட்டி வெண்கலம் பெற்றார். வெள்ளி வென்ற பிரிட்டனின் அன்னா ஹெண்டர்சனுக்கும் அவருக்கும் இடையே ஒரு வினாடிகூட இல்லை. அவருடைய சக வீராங்கனை டெய்லர் நிப் ஒரு முறைக்கு மேல் விழுந்தார். அவருக்குச் சைக்கிளை மாற்றித் தர ஓடி வந்த மெக்கானிக்கும் அதே ஈரத்தில் கால் வழுக்கி விழுந்தார். பெல்ஜியத்தின் லோட்டே கொப்பெக்கியும் தரையைத் தொட்டார்.

தங்கம் ஆஸ்திரேலியாவின் கிரேஸ் பிரவுனுக்குப் போனது. 39 நிமிடம் 38 வினாடியில் முடித்த அவர், இரண்டாமவரை 91 வினாடி பின்தள்ளினார். விழாமல் முடித்தது அந்த வெற்றியில் பெரும்பங்கு வகித்தது.

மழையில் நேரப் போட்டி ஓட்டுவது எத்தகைய கலை, அதில் என்னென்ன கணக்குகள் உள்ளன, உலக அரங்கில் அது யாரை உயர்த்தியது, யாரை வீழ்த்தியது, நம் நாட்டில் சைக்கிளோட்டுபவர்கள் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

நேரப் போட்டி என்றால் என்ன?

சாதாரணச் சாலைப் போட்டியில் நூறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் புறப்படுவார்கள். ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் ஒண்டிக்கொண்டு, காற்றின் எதிர்ப்பைக் குறைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். ‘டைம் டிரையல்’ எனப்படும் நேரப் போட்டியில் அதற்கு இடமில்லை. போட்டியாளர்கள் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்று இடைவெளி விட்டுத் தனித்தனியே புறப்படுவார்கள். முன்னால் போகிறவரைப் பிடித்துவிட்டாலும் அவர் பின்னால் ஒளிந்து ஓட்ட விதி அனுமதிக்காது. யார் குறைந்த நேரத்தில் எல்லையைத் தொடுகிறாரோ அவரே வெற்றியாளர்.

இப்போட்டிக்கென்று தனிச் சைக்கிள் உண்டு. கைப்பிடியின் நடுவிலிருந்து இரண்டு கம்பிகள் முன்னோக்கி நீண்டிருக்கும். ஓட்டுபவர் முழங்கைகளை அதன் மேல் ஊன்றி, முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி அம்புபோல் அமர்வார். பின் சக்கரம் கம்பிகளே இல்லாத முழுத் தட்டாக இருக்கும்.

இத்தனை ஏற்பாடும் காற்றுக்காகத்தான். மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு, சமதளத்தில் கால் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. காற்றை எதிர்க்கத் தேவையான ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது. வேகத்தை 10 விழுக்காடு கூட்ட வேண்டுமென்றால் ஏறத்தாழ 33 விழுக்காடு கூடுதல் ஆற்றல் வேண்டும்.

இந்த அமைப்பில் ஒரு குறையும் உண்டு. நீண்ட கம்பிகளைப் பற்றியிருக்கும்போது கை பிரேக்கின் மேல் இருக்காது. பிரேக் பிடிக்க வேண்டுமென்றால் கையை வெளிக் கைப்பிடிக்குக் கொண்டுவர வேண்டும். உடல் எடை முன்பக்கம் சாய்ந்திருப்பதால் திருப்புவதும் எளிதன்று. வெயிலில் வேகம் தரும் அதே சைக்கிள், மழையில் ஓட்டுபவரை நிலைகுலைய வைக்கும்.

மழை எதை மாற்றுகிறது?

நேரான சாலையில் மழை பெரிதாக வேகத்தைக் குறைப்பதில்லை. அது நேரத்தைத் தின்பது வளைவுகளில்தான்.

வளைவில் சைக்கிளைப் பிடித்து வைத்திருப்பது டயருக்கும் தாருக்கும் இடையிலான பிடிமானம். இந்தப் பிடிமானம் பாதியாகக் குறைந்தால் வளைவில் செல்லக்கூடிய உச்ச வேகம் பாதியாவதில்லை, ஏறத்தாழ 70 விழுக்காடாகிறது. எடுத்துக்காட்டாக, 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவைக் காய்ந்த தரையில் மணிக்கு 45 கிலோமீட்டரில் கடக்க முடிந்தால், பிடிமானம் பாதியான தரையில் 32 கிலோமீட்டரே எல்லை. அதைத் தாண்டினால் சக்கரம் வழுக்கும். பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் பிடிமானத்தைப் பொறுத்ததே.

கார் டயர் தேங்கிய நீரின் மேல் மிதந்து வழுக்குவது பலருக்கும் தெரியும். சைக்கிள் டயர் குறுகலானது, காற்றழுத்தம் அதிகம். ஆகவே அது நீரைக் கிழித்துத் தரையைத் தொட்டுவிடும். சைக்கிளோட்டியை வீழ்த்துவது பெரும்பாலும் நீருக்கு அடியில் இருப்பதுதான். பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோடு, சாக்கடையின் இரும்பு மூடி, நடைபாலத்தின் இரும்பு இணைப்பு, ஈர இலைகள், வண்டிகள் சிந்திய எண்ணெய் ஆகியவை மழையில் கண்ணாடிபோல் ஆகிவிடும். நெடுநாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்கள் மிக மோசம். தாரில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து மேலே வரும். தொடர்ந்து பெய்தால் அது கழுவப்பட்டுப் பிடிமானம் ஓரளவு திரும்பும்.

தேங்கிய நீரில் இன்னோர் ஆபத்து, ஆழம் தெரியாதது. 2019 செப்டம்பரில் இங்கிலாந்தின் யார்க்‌ஷியரில் நடந்த உலகப் போட்டியில், 23 வயதுக்குட்பட்டோர் பிரிவில் டென்மார்க்கின் யோகான் பிரைஸ் பேட்டர்சன் சாலையில் குளம்போல் தேங்கியிருந்த நீருக்குள் முழு வேகத்தில் பாய்ந்து தூக்கி வீசப்பட்டார். அதே நாள், அதே மழையில், 22 வயது குளோயி டைகர்ட் மகளிர் பிரிவில் 92 வினாடி வித்தியாசத்தில் உலக வெற்றியாளரானார். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு பாரிசில் அவரையே ஈரச் சாலை கீழே தள்ளியது. மழை யாருக்கும் நிரந்தர நண்பன் இல்லை.

வினாடிக் கணக்கு

பாரிஸ் ஆடவர் போட்டியில் பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபோயல் 36 நிமிடம் 12 வினாடியில் தங்கம் வென்றார். சராசரி வேகம் மணிக்கு 53 கிலோமீட்டருக்கும் மேல். இரண்டாவதாக வந்த இத்தாலியின் பிலிப்போ கன்னா அவரைவிட 15 வினாடி பின்தங்கியிருந்தார். நான்காமிடம் வந்த பிரிட்டனின் ஜோஷுவா டார்லிங்கிற்கு நடுவழியில் டயர் பஞ்சரானது. சைக்கிளை மாற்றிக்கொண்டு தொடர்ந்த அவர், வெண்கலத்தை இரண்டு வினாடி சொச்சத்தில் தவறவிட்டார்.

இந்த எண்களை வைத்துப் பார்த்தால் ஓட்டுபவரின் மனத்தில் ஓடும் கணக்கு புரியும். பாதையில் 20 வளைவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் அச்சத்தால் ஒரு வினாடி இழந்தால் மொத்தம் 20 வினாடி. தங்கம் கைவிட்டுப் போக அது போதும். ஒரே ஒரு வளைவில் விழுந்தாலோ, எழுந்து, சைக்கிளைச் சரிபார்த்து, மீண்டும் வேகமெடுக்க அதைவிட அதிக நேரம் போய்விடும். எலும்பு முறிந்தால் போட்டியே முடிந்தது.

எனவே அனுபவசாலிகள் எல்லா வளைவிலும் ஒரே அளவு துணிவதில்லை. முதல் நாள் பாதையை நேரில் ஓட்டிப் பார்த்து, எந்த வளைவில் கோடு உண்டு, எங்கே கல் பாவிய தரை, எங்கே தண்ணீர் தேங்கும் என்று குறித்துக்கொள்கிறார்கள். துணிந்தால் அரை வினாடிதான் மிச்சம் என்ற வளைவை விட்டுக்கொடுக்கிறார்கள். வளைந்து முடிந்த பிறகு நீண்ட நேர்ச்சாலை வருமானால், வெளியேறும் வேகம் அந்தச் சாலை முழுவதும் உதவும் என்பதால் அங்கே மட்டும் சற்றுத் துணிகிறார்கள்.

மழை எழுதிய வரலாறு

1995 ஜூலை 1, பிரான்சின் சான் பிரியூ நகரம். டூர் டி பிரான்ஸ் போட்டியின் 7.3 கிலோமீட்டர் தொடக்க நேரப் போட்டி மாலையில் நடந்தது. மழை வருவதற்கு முன்பே புறப்பட்ட பிரான்சின் ஜாக்கி டுரான் முதலிடம் பிடித்தார். கடைசியில் புறப்பட்ட வல்லவர்களுக்கு நனைந்த சாலையே கிடைத்தது. முந்தைய ஆண்டு தொடக்கப் போட்டியை வென்றிருந்த பிரிட்டனின் கிறிஸ் போர்ட்மன் ஈரத்தில் விழுந்து கணுக்கால் முறிந்தார். அவருடைய அந்த ஆண்டின் டூர் சில நிமிடங்களில் முடிந்துபோனது.

2009 மே 31, ரோம். மூன்று வாரம் நீடித்த ஜிரோ டி இத்தாலியா போட்டியின் கடைசி நாள். ரஷ்யாவின் டெனிஸ் மென்ச்சோவ் வெறும் 20 வினாடி முன்னிலையோடு நேரப் போட்டியில் இறங்கினார். எல்லைக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில், ஈரக் கற்சாலையில் சக்கரம் வழுக்கித் தரையில் சறுக்கிப் போனார். பின்தொடர்ந்த வண்டியிலிருந்து மெக்கானிக் மாற்றுச் சைக்கிளுடன் ஓடி வர, சில வினாடிகளில் மென்ச்சோவ் மீண்டும் ஏறினார். அதுவரை சேர்த்திருந்த நேரம் அவரைக் காப்பாற்றியது. பட்டம் கைநழுவவில்லை.

2017 ஜூலை 1, ஜெர்மனியின் டுசல்டார்ஃப். டூர் டி பிரான்சின் முதல் நாள், 14 கிலோமீட்டர். வேல்ஸ் வீரர் கெரய்ன்ட் தாமஸ் 16 நிமிடம் 4 வினாடியில் வென்று மஞ்சள் சட்டை அணிந்தார். ஸ்பெயினின் அலெகாந்திரோ வல்வெர்டே ஒரு வளைவில் வழுக்கித் தடுப்பில் மோதி முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டார். அதே நாள் அதே நாட்டு வீரர் இயோன் இசகிரேவுக்கு முதுகெலும்பில் முறிவு.

2022 ஜூலை 1, கோப்பன்ஹேகன். 13.2 கிலோமீட்டர் தூரம். நேரப் போட்டியில் பெயர்பெற்ற சுவிட்சர்லாந்தின் ஸ்டெஃபான் பிசெகர் இரண்டு முறை விழுந்தார். பெரிய பெயர்கள் பலவற்றைத் தாண்டி, பெல்ஜியத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஈவ் லாம்பார்ட் 15 நிமிடம் 17 வினாடியில் முதலிடம் பிடித்தார். யாரும் எதிர்பாராத வெற்றி அது. எல்லையில் அவர் கண்கலங்கி நின்றார்.

இந்தக் கதைகளில் பொதுவாகத் தெரிவது ஒன்று. நேரப் போட்டியில் ஒவ்வொருவரும் வெவ்வேறு நேரத்தில் புறப்படுவதால், எல்லாருக்கும் ஒரே மழை பெய்வதில்லை. ஒருவருக்குக் காய்ந்த சாலை, அரை மணி நேரம் கழித்துப் புறப்படுபவருக்கு வெள்ளம். அணிகள் வானிலைக் கணிப்பைப் பார்த்துத் தங்கள் வீரர்களின் புறப்பாட்டு வரிசையைத் திட்டமிடுவது இதனால்தான். ஆனாலும் கணிப்பு பொய்ப்பதுண்டு.

காற்றும் ஒரு கெட்ட வானிலைதான்

மழை கண்ணுக்குத் தெரியும், பக்கக் காற்று தெரியாது. 2019 ஜூன் 12ஆம் தேதி, பிரான்சின் ரோவான் நகரில், நான்கு முறை டூர் டி பிரான்ஸ் வென்ற கிறிஸ் ஃபுரூம் நேரப் போட்டியின் பாதையைப் போட்டிக்கு முன் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கத்தில் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேல். மூக்கைச் சிந்த ஒரு கையை எடுத்த கணத்தில் வீசிய காற்று முன் சக்கரத்தைத் திருப்பிவிட்டது. சுவரில் மோதிய அவருக்குத் தொடை எலும்பு, முழங்கை, விலா எலும்புகள் முறிந்தன. மீண்டும் சைக்கிளோட்டினார் என்றாலும் பழைய உச்சத்தை அவர் தொடவே இல்லை.

அகன்ற விளிம்புள்ள முன் சக்கரம் பாய்மரம்போல் காற்றை வாங்கும். அது கைப்பிடியோடு சேர்ந்து திரும்புவதால் வண்டி சட்டென்று விலகும். பின் சக்கரம் திரும்பாது. எனவே பின்னால் முழுத் தட்டு இருந்தாலும் ஆபத்து குறைவு. காற்றுள்ள நாளில் வீரர்கள் பின் தட்டை வைத்துக்கொண்டு, முன் சக்கரத்தை மட்டும் விளிம்பு குறைந்ததாக மாற்றுவது இதனால்தான்.

கடும் மழை, பனி, பலத்த காற்று, அதீத வெப்பம் போன்ற சூழலில் போட்டியைத் தொடர்வதா, பாதையை மாற்றுவதா, நிறுத்துவதா என்று ஏற்பாட்டாளர்களும் வீரர்களின் பிரதிநிதிகளும் கூடிப் பேச வழிசெய்யும் நடைமுறையை அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கமான யுசிஐ 2016இல் கொண்டுவந்தது.

நம் மண்ணில்

மலேசியர்களுக்குச் சைக்கிளும் மழையும் புதியவை அல்ல. விடியுமுன் பால்மரம் சீவப் புறப்பட்டு, வாளியைக் கட்டிக்கொண்டு ஈரச் செம்மண் பாதையில் சைக்கிள் மிதித்த தலைமுறை இன்னும் நம்மிடையே உண்டு. சேற்றில் சட்டென்று பிரேக் பிடிக்கக் கூடாது, திரும்பும்போது மிதிக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்கள் விழுந்து கற்றவை.

1996இல் தொடங்கிய லங்காவி சைக்கிளோட்டப் போட்டி இன்று ஆசியாவின் முன்னணிப் போட்டிகளுள் ஒன்று. சில ஆண்டுகளில் அதில் நேரப் போட்டியும் இடம்பெற்றது. 2012இல் புத்ராஜெயாவில் நேரப் போட்டியோடுதான் அது தொடங்கியது. தோட்டங்களிலிருந்து நகருக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று வார இறுதிகளில் குழுவாகச் சைக்கிளோட்டுகிறார்கள். பலர் நேரப் போட்டிகளிலும் கலந்துகொள்கிறார்கள்.

இங்குள்ள மழைக்குத் தனிக்குணம் உண்டு. பிற்பகலில் திடீரென்று இடியோடு கொட்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நவம்பர் முதல் மார்ச் வரை, கிழக்குக் கரையில் நாள் கணக்கில் பெய்யும். செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய சாலைகளில் லாரி டயர்கள் கொண்டுவந்த சேறும், உதிர்ந்து நசுங்கிய பழங்களும் கிடக்கும். மழை பட்டால் அவ்விடம் சோப்பு தடவியதுபோல் இருக்கும்.

ஐரோப்பாவில் மழை என்றால் குளிர். இங்கே அந்தத் தொல்லை குறைவு. ஆனால் மின்னல் உண்டு. மின்னலைக் கண்டு 30 வினாடிக்குள் இடியோசை கேட்டால், அது ஆபத்தான தூரத்தில் இருக்கிறது என்று பொருள். அப்போது போட்டியாக இருந்தாலும் பயிற்சியாக இருந்தாலும் நிறுத்திவிட்டுக் கட்டடத்திற்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ ஒதுங்க வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம். மரத்தடி பாதுகாப்பான இடம் அன்று.

மழையில் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டியவை

டயர்: காற்றழுத்தத்தை வழக்கத்தைவிட 5 முதல் 10 பிஎஸ்ஐ வரை குறைத்தால் தரையைத் தொடும் பரப்பு சற்றுக் கூடும். 28 மில்லிமீட்டர் போன்ற அகன்ற டயர், குறுகிய டயரைவிட நம்பகமானது. தேய்ந்த டயரை மழைக்கு எடுத்துச் செல்லக் கூடாது. ஈரத்தில் கண்ணாடித் துண்டும் கூர்மண்ணும் டயரில் ஒட்டிக்கொள்வதால் பஞ்சரும் அதிகம்.

பிரேக்: சக்கர விளிம்பைக் கவ்வும் பழைய வகை பிரேக் ஈரத்தில் உடனே பிடிக்காது. முதல் சில சுற்றுகள் நீரைத் துடைப்பதற்கே போய்விடும். எனவே முன்கூட்டியே மெல்லத் தொட்டு விளிம்பை உலர்த்த வேண்டும். டிஸ்க் பிரேக் ஈரத்திலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் பிரேக் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் டயரின் பிடிமானத்தை அது கூட்டாது. பிரேக்கைக் கழற்றிய சைக்கிளுக்கு மழைச் சாலையில் மட்டுமன்று, எந்தச் சாலையிலும் இடமில்லை.

வளைவு: சைக்கிள் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து முடிக்க வேண்டும். சாய்ந்த பிறகு பிரேக்கைத் தொடக் கூடாது. கையை நீண்ட கம்பியிலிருந்து வெளிக் கைப்பிடிக்கு முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும். வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்க, எடையை அதன் மேல் ஊன்ற வேண்டும். சைக்கிள் நிமிர்ந்த பிறகே மீண்டும் மிதிக்க வேண்டும்.

கோடும் இரும்பும்: முடிந்தால் விலகிச் செல்ல வேண்டும். முடியாவிட்டால் சாயாமல், பிரேக் பிடிக்காமல், நேராகக் கடக்க வேண்டும். ரயில் தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடப்பதே பாதுகாப்பு.

பார்வை: நிறமற்ற கண்ணாடி அணியலாம். பயிற்சியின்போது முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம் எரிய வேண்டும். மழையில் நம்மைப் பார்க்க லாரி ஓட்டுநரும் சிரமப்படுவார்.

போட்டிக்குப் பின்: செயினைத் துடைத்து உலர்த்தி எண்ணெய் இட வேண்டும். பிரேக் கட்டைகளில் சிக்கிய மணலை எடுக்க வேண்டும். மறுநாளைக்குத் தள்ளிப்போட்டால் துரு முந்திக்கொள்ளும்.

இத்தனைக்கும் மேலாக, புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எந்த அளவுக்குத் துணிவது, எங்கே விட்டுக்கொடுப்பது என்பதே அது. நாடித்துடிப்பு உச்சத்தில் இருக்கும்போது வளைவின் வாசலில் அந்த முடிவை எடுக்க முடியாது. பயிற்சியாளர்களும் பெற்றோரும் இளம் போட்டியாளர்களிடம் பேச வேண்டிய விஷயமும் இதுதான். மழையில் பத்து வினாடி இழந்து வருபவரைத் திட்டினால், அடுத்த முறை அவர் அந்தப் பத்து வினாடியை ஆபத்தான வளைவில் தேடுவார்.

டுசல்டார்ஃபில் முழங்கால் சில்லு உடைந்தபோது வல்வெர்டேவுக்கு வயது 37. அத்தோடு அவர் கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். அறுவை சிகிச்சையும் மாதக்கணக்கான ஓய்வும் முடிந்து திரும்பிய அவர், அடுத்த ஆண்டு, 2018 செப்டம்பரில், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் உலகச் சாலைப் போட்டியின் வெற்றியாளரானார். எல்லாருக்கும் அப்படி இரண்டாம் வாய்ப்பு கிடைப்பதில்லை. அடுத்த போட்டிக்கு முழு உடம்போடு வந்து நிற்பதும் மழைநாளில் ஒரு வெற்றிதான்.